ஒரு தட்டு மாத்திரை

என் மனைவியின் மூச்சு எவ்வளவு இருந்தது என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் பார்த்ததில்லை.

அவள் பெயர் அங்கே இருக்காது. எண் மட்டும்தான். நாற்பத்தேழு. ஒவ்வொரு வியாழக்கிழமையும் குழாயில் ஊதிய அளவு, ரத்தத்தில் எடுத்த அளவுகள், வயது, மாவட்டம். அன்று மாலைக்குள் எல்லாம் இணையத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய பொதுக்களத்தில் ஏறிவிடும். சட்டம் அப்படி. அரசுப் பணம் தொட்ட எந்த ஆராய்ச்சியையும் பூட்டி வைக்கக் கூடாது. முடிவை மட்டுமல்ல, நடுவில் எடுக்கும் ஒவ்வொரு அளவையும் வெளியே வைக்க வேண்டும்.

ஜெனோவா இறந்த வாரத்தோடு அந்த வரிசை நின்றிருக்கும். அதையும் நான் பார்க்கவில்லை.

டாக்டர் வகிதா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். ஜெனோவா சேர்ந்திருந்த மருந்து ஆராய்ச்சியை நடத்தியவர். அடக்கத்துக்கு வந்திருந்தார் என்று சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. வீட்டில் பால் இல்லை. கடுங்காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டெரன்ஸ், வேலைக்குப் போறீங்களா?"

"போறேன்."

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எஞ்சினியர். தூத்துக்குடியில் பாதிப் பேர் குடிப்பது எங்கள் தண்ணீர்தான். அழுத்தமானியைப் பார்ப்பேன். எழுதுவேன். வீட்டுக்கு வருவேன்.

"நேரா விஷயத்துக்கு வர்றேன். ஜெனோவா மாத்திரைய யார்கூடயாவது பங்கு போட்டாங்களா?"

நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"மருந்து தோத்துருச்சுன்னு மூடிட்டாங்க. உங்களுக்குத் தெரியும். மருந்து சாப்பிட்டவங்களும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவங்களும் ஒரே மாதிரி இறங்குனாங்க. வித்தியாசமே இல்ல. ஆனா முதல் ரெண்டு மாசம் அப்படி இல்ல டெரன்ஸ். மருந்து போனவங்களுக்கு மூச்சு அளவு இறங்குறது நின்னுருந்துச்சு. அப்புறம்தான் எல்லாம் கலங்கிப் போச்சு."

"கலங்கிப் போச்சுன்னா?"

"இந்த மருந்து உள்ள போனா ஈரல் அளவு ஒண்ணு ரத்தத்துல கொஞ்சம் ஏறும். கெடுதல் இல்ல. மாவு சாப்பிட்டா ஏறாது. மூணாவது மாசத்துலருந்து பாத்தா ஏறுனவங்களுக்குப் பாதி இறங்கியிருக்கு. ஏறாதவங்களுக்குப் பாதி ஏறியிருக்கு. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, முக்கால்வாசிப் பேருக்கு. எண்ணிக் குடுத்த மாத்திரை எண்ணிக்கை சரியா இருக்கு. அப்ப என்ன நடந்திருக்கும்?"

"நீங்க அப்பவே பாத்திருக்கலாமே."

"நான் பாக்கக் கூடாது. யாருக்கு எதுன்னு எனக்குத் தெரிஞ்சா என் கண்ணே ஏமாத்தும். அதனால ஆராய்ச்சி முடியிற வரைக்கும் களத்தத் தொறக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருந்தேன். ஊரே பாத்துச்சு. நான் மட்டும் பாக்கல."

காப்பியைக் கீழே வைத்தார்.

பங்கு போட்டது இந்த மேசையில்தான்.

ஜெனோவாவுக்கு நுரையீரல் இறுகும் நோய். பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது தேங்காய் நார் மாதிரி ஆகிவிடும் என்று முதல் நாளே ஒரு டாக்டர் சொன்னார். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். வகுப்பில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பிறகு மைக் வைத்துக்கொண்டாள். பிறகு லீவு போட்டாள். கல்யாணமாகி அப்போது மூன்றாவது வருடம்.

புது மருந்து ஒன்று பரிசோதனைக்கு வந்திருந்தது. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்து. பாதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை தோறும் ஊதுவதற்காகத் தாழ்வாரத்தில் காத்திருப்பார்கள். தங்களுக்கு ஊதுகாரர்கள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கொன்று கொண்டுவந்து பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். ஒருவர் வீட்டு அவித்த கடலை, ஒருவர் கடை மக்ரூன். கொண்டுவந்ததைத் தனியாகத் தின்கிறவர்களை விடமாட்டார்கள். "மூச்சுதான் கம்மி, மனசுமா கம்மி?" என்று கேலி செய்வார்கள்.

ஊதியவுடன் இயந்திரத்தில் மூச்சளவு தெரியும். அது அவரவருக்குத் தெரியும். மாலையில் களத்தைத் திறந்து, அதே அளவைத் தேடினால் தன் வரிசை கிடைத்துவிடும். கிடைத்தால் அதில் ஈரல் அளவும் இருக்கும். மருந்து போனால் அது ஏறும் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். ஏறியிருந்தால் மருந்து. ஏறாவிட்டால் மாவு.

இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரும் எதையும் திருடவில்லை. எல்லாம் வெளியேதான் இருந்தது.

ஜெனோவா படிக்கும்போது இந்தச் சட்டத்துக்காக ஊர்வலம் போனவள். ஒரு காய்ச்சல் மருந்தின் மோசமான முடிவுகளை ஒரு கம்பெனி பூட்டி வைத்திருந்தது. அவளுடைய தம்பி அந்த மருந்தில்தான் போனான். பதினொரு வயது. அதனால் அவளிடம் இந்தப் பேச்சில் யாரும் எதிர்த்து நிற்க முடியாது. "மறைச்சு வைக்கிறவனுக்கு எப்பவும் ஒரு நல்ல காரணம் இருக்கும்ப்பா" என்பாள்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது மேசையில் எவர்சில்வர் தட்டு இருந்தது. எதிரில் இசக்கியம்மாள். உப்புப் பொட்டலம் போடும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஜெனோவாவைவிடப் பத்து வயது மூப்பு. புருசன் இல்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தாழ்வாரத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

இருவருடைய மாத்திரை டப்பாக்களும் திறந்து கிடந்தன. இரண்டையும் தட்டில் கொட்டியிருந்தார்கள். ஜெனோவா விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

"நல்லா அளைங்க டீச்சர்" என்றார் இசக்கியம்மாள். "இனி உங்க கர்த்தரும் எங்க சுடலையும் சேந்து வந்தாலும் எது எதுன்னு பிரிக்க முடியாது பாத்துக்கிடுங்க."

ஜெனோவா சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. இருவருக்கும் வந்தது. நான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"என்ன பண்ணுதீய?" என்றேன்.

"பங்கு" என்றாள் ஜெனோவா.

ஒன்றிரண்டு ஒன்றிரண்டாக எண்ணி இரண்டு டப்பாவிலும் போட்டார்கள். எண்ணிக்கை பிசகக் கூடாது. ஆஸ்பத்திரியில் எண்ணுவார்கள்.

இசக்கியம்மாள் கிளம்பிப் போன பிறகு ஜெனோவா சொன்னாள்.

"எனக்கு வந்தது மாவுப்பா. களத்துல பாத்துட்டேன். அக்காவுக்குத்தான் மருந்து. தாரேன்னு சொல்லுதாவ."

"அவங்களுக்குக் கொறஞ்சிராதா?"

"கொறையும். அது தெரிஞ்சுதான் தாராவ."

"ஆஸ்பத்திரியில தெரிஞ்சா?"

"என் ரத்தத்துல எடுத்த கணக்கு ஊருக்கே பொது. மாத்திரை மட்டும் தனிச் சொத்தா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. பாதியாவது கிடைக்கிறதே என்று. இசக்கியம்மாளைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நிற்பேன்.

அடுத்த வியாழன் தாழ்வாரத்தில் இன்னும் நான்கு பேர் தட்டு கொண்டுவந்தார்கள். பிறகு ஏறக்குறைய எல்லோரும். பங்கிட்டுத் தின்கிறவர்கள்.

இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பாதி அளவு இந்த நோய்க்கு ஒண்ணும் செய்யாது டெரன்ஸ். முழுசா இருந்தாத்தான் நிக்கும். பாதி குடுத்தா ரெண்டு பேருக்குமே இல்ல."

"அவங்களுக்கு அது தெரியாது."

"எங்களுக்கே அப்ப தெரியாது. அதக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சியே."

பிறகு அவரே கேட்டார். "ஜெனோவாவுக்குக் குடுத்தது யாரு?"

"இசக்கியம்மா. மருந்து அவங்களுக்குத்தான் வந்தது."

டாக்டர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க நாப்பத்தேழப் பாக்கவே இல்லையா?"

"இல்ல."

"முடிஞ்ச உடனே யாருக்கு எதுன்னு வெளிய போட்டாச்சே. மாசக்கணக்கா அங்கதான் கெடக்கு."

"பாக்கல."

"இசக்கியம்மாளுக்கு வந்தது மாவு. மருந்து ஜெனோவாவுக்கு." நிறுத்தினார். பிறகு சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுபோல் சொன்னார். "முதல் ரெண்டு மாசம் அவங்க மூச்சு இறங்கவே இல்ல."

காப்பி தம்ளரை எடுத்துக் கழுவி வைத்தேன். திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார்.

"இதச் சொல்ல வந்தீங்களா?"

"இல்ல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். நான் வந்தது வேற. பங்கு போட்டதாலதான் தோத்துச்சுன்னு ஒருத்தர் சாட்சி சொன்னா, மறுபடி நடத்த அனுமதி கிடைக்கும். அளவ வெச்சு நான் சொன்னா ஊகம்னு தள்ளிருவாங்க. கண்ணால பாத்த ஆள் வேணும். போன வருசம் மட்டும் இந்த மாவட்டத்துல இந்த நோய்ல எத்தன பேர் போனாங்கன்னு நான் சொல்ல வேண்டாம்."

"வேற யாரும் சொல்லலயா?"

"உயிரோட இருக்கவங்க சொல்ல மாட்டாங்க. விதிய மீறுனா ஆராய்ச்சிக் கணக்குல குடுக்குற ஆக்ஸிஜன் மெஷின் போயிரும்."

"நான் யார் பேரையும் சொல்லாம சாட்சி சொன்னா?"

"சாட்சியும் அன்னைக்குச் சாயங்காலமே களத்துல ஏறணும். நீங்க பேர் சொல்லாட்டி களத்துக்காரங்க கண்டுபிடிச்சிருவாங்க. எந்த எண் யாருதுன்னு தோண்டுறதுக்குன்னே ஊரெல்லாம் ஒக்காந்திருக்காங்க. நாப்பத்தேழு இறங்குன வாரத்துல எது ஏறுச்சுன்னு பாத்தா முடிஞ்சுது. சேலத்துல ஒரு பெரியவர அப்படித்தான் புடிச்சாங்க. வீட்டு வாசல்ல நின்னு வீடியோ எடுத்தாங்க."

"இசக்கியம்மாளுக்கு மெஷின் போயிரும்."

"நான் சண்ட போடுவேன். ஜெயிப்பேன்னு சொல்ல மாட்டேன்."

வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார். "மருந்து வேல செய்யுது டெரன்ஸ். அது எனக்கு நல்லாத் தெரியும். உங்களாலதான் நிரூபிக்க முடியும்."

அன்று மதியம் இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனேன். அனுமதி கேட்கத்தான் போனேன். அதைத் தவிர வேறெதுவும் சொல்வதாக இல்லை.

திரேஸ்புரம் தாண்டி உள்ளே போக வேண்டும். அறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வேண்டாம் என்றேன்.

"வாங்க தம்பி. சாப்பிட்டியளா? என்ன இப்படி எளைச்சிட்டிய."

"நீங்க எப்படி இருக்கீய?"

"இருக்கேன். கரண்டு இருந்தா நானும் இருக்கேன்."

அவரே சிரித்தார். பெரிய பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மறுபடி ஆராய்ச்சி நடக்கலாம். சாட்சி வேண்டும். மெஷின் போகலாம். ஆட்கள் பேசுவார்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் நான் சொல்ல மாட்டேன்.

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும். டீச்சர் போனதுலருந்து உங்க மூஞ்சில முழிக்க எனக்குப் பயமா இருக்கு."

"ஏன்?"

"மருந்து என்கிட்டத்தான இருந்துச்சு. டீச்சர்தான் படிச்சுச் சொன்னாவ, 'அக்கா, உங்களுக்குத்தான் நல்லது வந்திருக்கு'ன்னு. நான் பாதிதான் குடுத்தேன். பாதிய நான் வெச்சுக்கிட்டேன். ரெண்டு பிள்ள இருக்கேன்னு வெச்சுக்கிட்டேன். முழுசாக் குடுத்திருந்தா டீச்சர் இருந்திருப்பாவ. ராத்திரியெல்லாம் அதான் ஓடுது. பாதிய ஏன் வெச்சுக்கிட்டோம், பாதிய ஏன் வெச்சுக்கிட்டோம்னு."

குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அழுதார். அழுவதற்கும் மூச்சு வேண்டும். அவரிடம் இல்லை. வாய் மட்டும் அழுதது.

அதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை.

"அக்கா, உங்ககிட்ட மருந்து இல்ல. உங்களுக்கு வந்தது மாவு. அவளுக்குத்தான் மருந்து. அவதான் உங்களுக்குக் குடுத்தா."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"டீச்சரா?"

"எங்கிட்டயும் மாத்தித்தான் சொல்லியிருக்கா. எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

இசக்கியம்மாள் அழுவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. புடவை நுனியால் முகத்தைத் துடைத்தார். வெளியே இரண்டு பெண்களும் எதற்கோ சண்டை போடும் சத்தம் கேட்டது.

"எனக்கு எதுக்குத் தம்பி சொன்னீய?"

நான் நினைத்தது வேறு. பாரம் இறங்கும் என்று நினைத்தேன்.

"குடுத்தவளா இருந்தேன். கொறையாக் குடுத்தவதான், ஆனாலும் குடுத்தவ. இப்ப நான் யாரு?"

கிளம்ப எழுந்தேன். கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"சாட்சி சொல்லுங்க. என் பேரையும் சொல்லிருங்க. அவனுவளாக் கண்டுபிடிச்சா நான் ஒளிஞ்சேன்னு ஆயிரும், பிள்ளையளால ரோட்ல நடக்க முடியாது. மெஷின எடுத்தா எடுக்கட்டும்." மூச்சு வாங்கினார். "ஒண்ணு மட்டும். டீச்சர் என்கிட்டப் பொய் சொன்னாவன்னு எழுதாதீய. எனக்குத் தெரிஞ்சுதான் வாங்குனேன்னு எழுதுங்க."

அப்படியே சொன்னேன். சாட்சியத்தில் இருவருக்கும் தெரியும் என்றுதான் இருக்கிறது. களத்தில் இருக்கும் பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இங்கே உண்மையை எழுதுகிறேன். இசக்கியம்மாள் ஆடி மாதம் போய்விட்டார்.

அதற்கு முன்பே, சாட்சியம் ஏறியதும், மெஷினை எடுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் வேறொன்று ஏற்பாடு செய்தார். நடுவில் மெஷின் இல்லாத சில நாட்கள் இருந்தன.

ஜெனோவாவின் படத்தைக் களத்துக்காரர்கள் எங்கிருந்தோ எடுத்துவிட்டார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் எடுத்தது, பச்சைச் சேலை. சிலர் புனிதை என்று எழுதினார்கள். ஒரு மருந்தைக் கெடுத்தவள், எத்தனை பேர் சாவுக்குக் காரணம் என்று சிலர் எழுதினார்கள். இரண்டு பக்கமும் ஒரே படம்தான். இசக்கியம்மாளைப் பற்றி எழுதியதை நான் இங்கே எழுத மாட்டேன்.

மறு ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்தது. டாக்டர் ஒரு கோரிக்கை வைத்தார். இந்த ஒரு முறை மட்டும், முடியும்வரை அளவுகளை வெளியே விடாமல் வைத்திருந்து, முடிந்த மறுநாள் ஒன்று விடாமல் போட்டுவிடலாம் என்று. களத்தில் வாக்கெடுப்பு நடந்தது. நான் ஆதரித்துப் போட்டேன். பெரிய வித்தியாசத்தில் தோற்றது. எதிர்த்தவர்களில் பலர் யாரையோ இழந்தவர்கள். பூட்டி வைத்த முடிவுகளால் இழந்தவர்கள். அவர்கள் எழுதியதைப் படித்தபோது ஜெனோவா பேசுவதுபோலவே இருந்தது. அவளும் எதிராகத்தான் போட்டிருப்பாள். மறைப்பதற்கு நல்ல காரணம் வைத்திருக்கிற ஆளாக இப்போது நான் ஆகியிருந்தேன்.

ஆட்களைச் சேர்த்தார்கள். மாத்திரையைப் பங்கு போடக் கூடாது என்று தாழ்வாரத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதாக டாக்டர் சொன்னார். பாதி ஒன்றும் செய்யாது என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து விளக்கியதாகவும் சொன்னார்.

"கேட்டுக்கிட்டாங்களா?" என்றேன்.

"தலைய ஆட்டுனாங்க."

அதன் பிறகு நான் களத்தைத் திறக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்து, இதே மேசையில். முதலில் நாற்பத்தேழைப் பார்த்தேன். டாக்டர் சொன்னது சரி. முதல் இரண்டு மாதம் ஒரே நேராகப் போகிறது, நூல் பிடித்துத் தட்டிவிட்ட கோடு மாதிரி. பிறகு சரிகிறது. எந்த வாரத்தில் சரிய ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். அன்று நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

பிறகு புது வரிசைகள். பெயர் தெரியாத மனிதர்கள். சிலருக்கு ஈரல் அளவு ஏறியிருந்தது. அவர்கள் மூச்சளவு இறங்காமல் இருந்த இடத்திலேயே இருந்தது. மருந்து வேலை செய்கிறது. மற்றவர்கள் வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார்கள். இறங்குவது அவர்களுக்கும் தெரியும். எதனால் என்றும் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் தெரியும்.

போன வியாழன் இரண்டு வரிசைகள் அசைந்தன. பதின்மூன்றும் முப்பதும். பதின்மூன்றின் ஈரல் அளவு கீழே வந்திருந்தது. முப்பதுக்கு மேலே போயிருந்தது. கொஞ்சம்தான். தெரியாதவர் பார்த்தால் தெரியாது.

இந்த வியாழன் இரண்டும் இன்னும் நெருங்கியிருக்கின்றன.

எங்கோ ஒரு வீட்டில் தட்டு எடுத்திருக்கிறார்கள். கொட்டி, அளைந்து, எண்ணிப் போட்டிருக்கிறார்கள். ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பார்கள். சிரித்ததில் இருமியிருப்பார்கள்.

அந்த வரிசைகளுக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை. ஊருக்கே திறந்திருக்கிறது, நான் ஒருவன்தான் பார்த்திருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டிருந்தது. திரையில் பதின்மூன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆணா பெண்ணா தெரியாது. முப்பத்து நான்கு வயது, இதே மாவட்டம். அந்த ஆளும் ஜெனோவா மாதிரி வீட்டில் மாற்றித்தான் சொல்லியிருப்பார். எனக்கு வந்தது மாவு, மருந்தைத் தருவது மற்றவர் என்று.

வீட்டில் இருப்பவர் களத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்.